மூணாவது பீரியட்

இந்த சீட்டுக்கு ஆள் வருதுங்களா? இல்லீங்கல்ல? அப்பக் கொஞ்சம் அக்கட்டால தள்ளி உக்காருங்க. சேலம் வரைக்கும் நின்னுட்டே போக என் முட்டி ஒத்துக்காதுங்க. காலைல அஞ்சு மணிக்குக் கிளம்புனவன். இந்த டை வேற, கழுத்தை அறுக்குது. இருங்க, இதைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கறேன்.

அங்க பாருங்க, படிக்கட்டுல. உள்ள நிக்க இத்தனை எடம் கெடக்குது, அவனுங்களுக்குத் தொங்கிட்டு வந்தாத்தான் சொகம். கடைசி பீரியடை கட் அடிச்சுட்டு வந்திருப்பானுங்க. என்னங்க? காலேஜு நாலரைக்கே விட்டாச்சுங்களா? மணி அஞ்சே காலா? அது சரி. விடாம இருந்திருந்தா மட்டும் உள்ள உக்காந்திருப்பானுங்களாக்கும். எனக்கு இந்த வயசுப் பசங்களைக் கண்ணுல பாத்தாலே குமட்டுதுங்க. பொய் சொல்லல.

நான் புரபசருங்க. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ், மெக்கானிக்கல். இருபத்திரண்டு வருச சர்வீஸ். கே.டி. சார்னு கேட்டீங்கன்னா வாசல் வாட்ச்மேன்ல இருந்து கரஸ்பாண்டென்ட் வரைக்கும் தெரியும். மூணாவது வருசம் ஏ செக்சனுக்கு நான்தான் கிளாஸ் அட்வைசர். அட்வைசர்னா அட்வைஸ் பண்றவருன்னு நெனச்சுக்காதீங்க. அட்டெண்டன்ஸ் போடறது, மார்க்கு ஏத்தறது, வராதவன் வீட்டுக்குப் போன் போட்டுத் திட்டறது. அம்பத்தி மூணு உருப்படியை மேய்க்கணுமுங்க.

ஒம்பது மணின்னா எனக்கு ஒம்பது மணி. ஒம்பதுக்குக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டுருவேன். அப்பறம் கலெக்டரே வந்து தட்டுனாலும் தொறக்கறதில்ல. வெளிய நிக்கறவன் ஆப்சென்ட். நான் மட்டும் செஞ்சாப் பத்தாதுன்னு டிபார்ட்மெண்ட் மீட்டிங்ல எந்திரிச்சுப் பேசி, எல்லா சாரும் இதையே பண்ணணும்னு சட்டமாவே கொண்டாந்துட்டேன். ஒழுக்கம்னு ஒண்ணு வேணுமில்லீங்களா?

உள்ள உக்காந்திருக்கறவன் மட்டும் என்ன வாழுதுங்கறீங்க? ஒருத்தன் பெஞ்சுக்கு அடில போன் நோண்டறான். ஒருத்தன் கண்ணைத் தொறந்து வச்சுட்டே தூங்கறான், அதெல்லாம் ஒரு வித்தைங்க. என்னோட நோட்டு ரெண்டாயிரத்தி மூணுல எழுதுனது. இன்னிக்கு வரைக்கும் ஒரு எழுத்து மாத்துனதில்ல, மாத்த வேண்டியதும் வரல, அவ்வளவு பக்காவா எழுதி வச்சிருக்கேன். அதை நான் படிப்பேன், அவனுங்க எழுதணும். அவ்வளவுதான் வேலை. அதுக்கு என்ன கொட்டாவி விடறானுங்கறீங்க! படிக்கறப்ப எனக்கே சில நாள் கண்ணு சொருகும். அதுக்காக நான் தூங்கிடறனா?

வருசா வருசம் ஃபீட்பேக்னு ஒரு கருமத்தைக் குடுப்பாங்க. பசங்க சாரைப் பத்தி எழுதோணும், பேர் போட வேண்டியதில்ல. போன வருசம் ஒருத்தன் எழுதியிருக்கான், கே.டி. சாருக்குப் பதிலா ஒரு ஸ்பீக்கர் வச்சாப் போதும்னு. கையெழுத்தை வச்சு ஆளைக் கண்டுபுடிச்சுட்டேன். இன்டர்னல்ல நாலு மார்க்கு கொறச்சுட்டேன். அப்பறம் வாயைத் தொறக்கல அவன்.

இந்த வருசம் எனக்கு வாச்சது ஒரு பொம்பளப் புள்ளைங்க. கோகிலவாணின்னு பேரு. நாலு நாளா என் உசுரை எடுக்குது.

எங்க காலேஜ்ல ஒரு செமஸ்டருக்கு நானூறு மணி நேரம். அதுல முந்நூறு வந்திருந்தாத்தான் பரீட்சை எழுதலாம். முக்கால் பாகம், கணக்கு சரிதானுங்களே? இந்தப் புள்ள வந்தது இருநூத்தித் தொண்ணூத்தி ஒம்பது. ஒரு மணி நேரம் கொறையுது. பேரு லிஸ்ட்ல வராது. லிஸ்ட்ல வரலைன்னா அடுத்த வருசம் ஜூனியர் பசங்களோட உக்காந்து மறுபடி இதே செமஸ்டரைப் படிக்கோணும்.

'ஒரு மணி நேரந்தானே'ன்னு வாய்க்கு வருதுல்ல உங்களுக்கு? எல்லாருக்கும் அப்படித்தான் வருது. அவங்கப்பனும் அதையேதான் சொன்னாரு. போன வாரம் ஸ்டாஃப் ரூமுக்கே கூட்டிட்டு வந்துருச்சு. தறிக்காரருங்க, விசைத்தறி. முப்பது வருசம் அந்தச் சத்தத்துக்குள்ள நின்னு நின்னு மெதுவாப் பேசவே தெரியாது அந்தாளுக்கு. "ஒரு மணி நேரந்தானுங்களே சார்!"னு அவரு கேட்டது மாடில லைப்ரரி வரைக்கும் கேட்டிருக்கும். எல்லா சாரும் என்னையே திரும்பிப் பாக்கறாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்த வருசம் போச்சுன்னா படிப்பை நிறுத்திப்போடுவேன், என் மச்சினன் இவளைக் கட்டக் காத்துட்டிருக்கான், வைகாசில தாலி கட்டிருவான்னு சத்தமாவே சொல்றாரு. பக்கத்துல புள்ள தலையைக் குனிஞ்சுட்டு நிக்குது. நல்ல காரியம்தானே, செய்யுங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கு அந்தப் புள்ள என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க!

ஏன் கொறஞ்சுதுன்னு கேக்கறீங்களா? லேட்டுங்க. ஊர்ல இருந்து டவுன் பஸ்ஸு காலேஜ் வாசலுக்கு ஒம்பது பத்துக்குத்தான் வருது. அதுக்கு முந்தின பஸ்ஸு ஆறு மணிக்காம், அதுல வந்தா வீட்டுல தறிக்கு நூல் சுத்திக் குடுக்க ஆள் இல்லையாம். இதெல்லாம் நான் எதுக்குங்க கேக்கோணும்? காலேஜ் பஸ்ஸு எதுக்கு உட்டிருக்குது? அதுக்குக் கட்ட வழியில்லைன்னா அது என் தப்பா? பத்து நிமிசம் லேட்டா வந்தாலும் ஆப்சென்ட், பத்து நாள் வராட்டியும் ஆப்சென்ட். ரிஜிஸ்டர்ல ஒரே எழுத்துத்தான்.

சரி, லேட்டா வந்தா என்ன பண்ணோணும்? கேண்டீனுக்குப் போயி ஒரு டீ குடிச்சுட்டு அடுத்த பீரியடுக்கு வரோணும். எல்லாரும் அதைத்தான் பண்றானுங்க. இந்தப் புள்ள ஜன்னலுக்கு வெளிய நின்னுட்டு, நோட்டைச் செவுத்துல வச்சு எழுதும். வெயிலோ மழையோ, எழுதிட்டே நிக்கும். உள்ள இருக்கறவனுங்க என்னைப் பாக்காம அதையே பாக்கறானுங்க. நானே எந்திரிச்சுப் போய் ஜன்னலைச் சாத்திருக்கேன். கவனம் சிதறுதில்லீங்களா?

இன்னொண்ணு சொல்றேன், அதுதான் எனக்கு ரொம்பக் குமட்டறது. இன்டர்னல் மூணுலயும் அதுதான் மொத மார்க்கு. அம்பதுக்கு நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு. என் பாடத்துல! நாள் தவறாம வந்து மொத பெஞ்சுல உக்காந்து நான் சொன்னதை எழுத்து விடாம எழுதுனவன் எட்டு மார்க்கு. கொண்டிக்கு வெளிய நின்ன புள்ள நாப்பத்தெட்டு. அப்ப உள்ள நின்னுட்டு நான் எதுக்குங்க? இந்தக் காலத்துல மார்க்குக்கு ஒரு மரியாதை இல்லைங்க. புஸ்தகத்தைப் படிச்சாக்கூட மார்க்கு வருது.

கதையைக் கேளுங்க. அப்பன் வந்துட்டுப் போனதுக்கு மறுநாள் தனியா வந்து நிக்குது. "சார், மாசி மாசம் அந்தப் புதன்கிழமை மூணாவது பீரியட் எனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கீங்க சார். நான் கிளாஸ்லதான் இருந்தேன் சார்"ங்குது. இல்லைன்னேன். "இருந்தேன் சார். நான் மட்டுந்தான் சார் இருந்தேன்"ங்குது. நான் மட்டுந்தான்னு அழுத்திச் சொல்லுது. என்ன திமிரு பாத்தீங்களா?

இல்லீங்க... அன்னிக்கு நான் கிளாஸ்ல இல்ல, அது வாஸ்தவந்தான்.

ஏன்னு கேட்டா, அது வேற விசயம். சரி, சேலம் வர்ற வரைக்கும் நாயம் பேசித்தானே ஆகோணும், சொல்றேன். இப்ப நான் எங்க இருந்து வர்றேன்னு நெனைக்கறீங்க? இங்க பக்கத்துல ஒரு காலேஜ் இருக்குது, பேரு எதுக்கு. அங்கயும் நான் புரபசருங்க. ரோல்ல பேரு இருக்குது, நாலு வருசமா. பாடம் எடுக்கறதெல்லாம் இல்ல. இத்தனை பசங்களுக்கு இத்தனை புரபசரு இருக்கோணும்னு மேல ஒரு கணக்கு கேப்பாங்க. ஆளு பத்தாது. அதுக்கு எங்களை மாதிரி அனுபவஸ்தங்க பேரைப் போட்டுக்குவாங்க. இன்ஸ்பெக்சன் அன்னிக்கு டை கட்டிட்டு வந்து உக்காரோணும். எல்லாப் பக்கமும் நடக்கறதுதானுங்க இது. எங்க எச்.ஓ.டி. தங்கராசு சாரே வேற ஒரு காலேஜ்ல இருக்காரு. அவருக்கு இன்ஸ்பெக்சன் வேற தேதி, அதனால எங்களுக்குள்ள எடைஞ்சல் வர்றதில்ல.

அந்த மாசி மாசப் புதன்கிழமையும் இங்கதான் வந்திருந்தேன். திடீர்னு வரச் சொல்லிட்டாங்க. எங்க காலேஜ்ல சாருங்க ரிஜிஸ்டர்ல கையெழுத்துக்குக் கவலை இல்ல. எங்க லேப் அசிஸ்டெண்ட் சென்னியப்பன் என் கையெழுத்தை என்னை விட நல்லாப் போடுவாரு. ஆனா அன்னிக்கு மூணாவது பீரியடுக்கு வேற சாரை ஏற்பாடு பண்ண மறந்துட்டேன். மனுசன்தானுங்களே. சாரு வரலைன்னு பசங்க அஞ்சு நிமிசத்துல கலைஞ்சுட்டானுங்களாம். இந்தப் புள்ள மட்டும் எந்திரிக்கல. ஒவ்வொரு மணி நேரமும் அதுக்குக் கணக்காச்சே, யாராவது சாரு வந்துருவாங்கன்னு உக்காந்திருக்குது. ஒரு மணி நேரமும் உக்காந்திருக்குது.

நான் மறுநாள் வந்து ரிஜிஸ்டரைப் பூர்த்தி பண்ணோணுமில்லீங்க? கட்டம் காலியாக் கெடந்தா கேள்வி வரும். அதுக்கு ஒரு முறை இருக்குது. மொத பீரியட்ல எவனெவன் ஆப்சென்ட்டோ அவனையே மூணாவதுக்கும் ஆப்சென்ட் போட்டு அப்படியே எறக்கிரோணும். எங்க டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் பண்றது. அன்னிக்கு மொத பீரியட் வேற சாரோடது. அவரும் என் சட்டப்படி ஒம்பதுக்குக் கொண்டி போட்டிருக்காரு. புள்ள வெளிய. ஆப்சென்ட். நான் அதை மூணாவதுக்கு எறக்கிட்டேன். மீதி அம்பத்திரண்டு பேருக்கும் பிரசென்ட். அவனுங்க அந்த நேரத்துல கேண்டீன்ல இருந்தானுங்களா, கிரவுண்ட்ல கிரிக்கெட் ஆடுனானுங்களான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நான்தான் ஊர்லயே இல்லையே.

சிரிக்கறீங்க. சிரிக்கற விசயமா இது?

ஒத்தையா உக்காந்துட்டு ஒரு மணி நேரம் என்னம்மா பண்ணுனேன்னு நானும் கேட்டுத்தான் பாத்தேன். அதுக்கு அது சொன்ன பதிலைக் கேளுங்க. "உங்க நோட்டுல பாய்லர் கணக்கு ஒண்ணு தப்பா இருந்துச்சு சார். அதைத்தான் போர்டுல போட்டுப் பாத்துட்டு இருந்தேன்." எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. இருபத்தி சொச்சம் வருசமா ஆயிரம் பசங்க எழுதுன கணக்குங்க அது. ஒருத்தனும் வாயைத் தொறக்கல. இவ வந்து தப்புங்கறா. வெளிய போன்னுட்டேன்.

தப்பா இருந்துச்சான்னா கேக்கறீங்க? அது... ஒரு எடத்துல கிலோவைக் கிராமா எடுத்து எழுதியிருக்கேன். வீட்டுல போய்ப் பாத்தேன். அது எழுத்துப்பிழை மாதிரிதானுங்க. அதைப் போய்த் தப்புன்னு சொல்லுவாங்களா?

இன்னிக்கு இங்க நடந்த கூத்தைச் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. எனக்குன்னு ஒரு ரூமு, வாசல்ல என் பேரு போட்ட பலகை. நேத்து ஒட்டுனது, பசை காயல, கைல ஒட்டுது. பதினோரு மணிக்கு மூணு ஆபீசருங்க வந்தாங்க. கிளாஸ் எடுத்துக் காட்டச் சொன்னாங்க. கைல ஒரு ரிஜிஸ்டரைக் குடுத்தாங்க. என் ஜென்மத்துல பாக்காத ரிஜிஸ்டருங்க அது. நான் பேரு கூப்பிடறேன், பசங்க 'யெஸ் சார்', 'யெஸ் சார்'ங்கறானுங்க. பாதிப் பசங்க பக்கத்து பாலிடெக்னிக்ல இருந்து கூட்டியாந்தது. ஒருத்தன் மூணு பேருக்கு யெஸ் சார் சொல்றான், கொரலைக் கூட மாத்தல. எனக்கு அப்படியே உடம்பெல்லாம் கூசிப்போச்சு. பொய்யா அட்டெண்டன்ஸ் குடுக்கறதுக்கு இந்த வயசுலயே என்ன தைரியம்! நானாயிருக்கக் கண்டு டிக் போட்டுட்டே பொறுமையா நின்னேன்.

ஒரு ஆபீசரு மொத பெஞ்சுல இருந்த புள்ளையை எழுப்பி, இந்த சாரு எப்படிப் பாடம் எடுப்பாருன்னு கேக்கறாரு. "சூப்பரா எடுப்பாரு சார். ஒரு நாள் கூட லீவே போட்டதில்ல சார்." என் மூஞ்சியவே இன்னிக்குத்தான் பாக்குது அந்தப் புள்ள! கண்ணு சிமிட்டாம சொல்லுதுங்க. எனக்காகத்தான் சொல்லுச்சு, இல்லைங்கல. இருந்தாலும், த்தூ, என்ன வளர்ப்பு இதெல்லாம்? நாளைக்கு இதுங்க எப்படி ஒரு கம்பெனில உண்மையா வேலை செய்யும், சொல்லுங்க.

இருங்க, போன் அடிக்குது. எச்.ஓ.டி.

"சொல்லுங்க தங்கராசு சார்... முடிஞ்சுதுங்க, நல்லபடியா முடிஞ்சுது. பஸ்ஸுல வந்துட்டு இருக்கேன்... யாரு? இன்னும் அங்கயேவா நிக்குது?... காலைல ஒம்பதே கால்ல இருந்தா?... எனக்கும் பதினாலு தடவை அடிச்சிருக்குதுங்க, நான் எடுக்கல. இன்ஸ்பெக்சன்ல போன் எடுக்கலாமா... பிரின்சிபால் என்ன சொன்னாரு?... ம்... ஆறு மணி வரைக்கும் திருத்தலாமா? குரூப்புலயா?... சரிங்க சார். பாக்கறேன். பாக்கறேன்னு சொல்றனுங்களே. வைக்கறேன்."

அந்தப் புள்ளதாங்க. ஒம்பதே கால்ல இருந்து ஸ்டாஃப் ரூம் வாசல்லயே நின்னுட்டு இருக்குதாம். சோத்துக்குக்கூட நகரலையாம். பிரின்சிபால் அந்த வழியாப் போனவரு என்னம்மான்னு கேட்டிருக்காரு. கே.டி. சாரைப் பாக்கோணும், சாரு இன்னிக்கு வரலைன்னு சொல்லியிருக்குது. அவரு ரிஜிஸ்டரைப் பாத்துட்டு, சாரு வந்திருக்காரே, கையெழுத்து இருக்குதே, பொய் சொல்றியான்னு சத்தம் போட்டிருக்காரு. சென்னியப்பன் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்திருக்காரு.

இப்ப என்னன்னா, பரீட்சை லிஸ்ட் ஆறு மணிக்குப் போகுது. அட்டெண்டன்ஸ்ல திருத்தம் இருந்தா அதுக்குள்ள கிளாஸ் அட்வைசர் ஸ்டாஃப் குரூப்புல ஒரு மெசேஜ் போட்டாப் போதும், ஆபீஸ்ல மாத்திக்குவாங்களாம். மணி என்னங்க? அஞ்சு நாப்பத்தி நாலா?

பாருங்க, மெசேஜ் வேற வருது. அதேதான். போட்டோ அனுப்பியிருக்குது. கண்ணாடியை எங்க வச்சேன்... இது எங்க கிளாஸுங்க. பெஞ்செல்லாம் காலி. கடியாரம் தெரியுது, பதினொண்ணு இருபது, மூணாவது பீரியட் நேரந்தான். போர்டுல என் பாய்லர் கணக்கு, மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் போட்டு, அந்தக் கிராமைச் சுழிச்சு வச்சிருக்குது. மூலைல தேதி. அன்னிக்கே எடுத்திருக்குது. கீழ என்னமோ எழுதியிருக்குது, படிக்கறேன். 'இதை நான் யாருக்கும் காட்டலைங்க சார். பிரின்சிபால் சார் திட்டினப்பவும் காட்டல. உங்களுக்கு மட்டும்தான் அனுப்பறேன்.'

ஒரு பொம்பளப் புள்ளைக்கு எத்தனை சாமர்த்தியம் பாத்தீங்களா? மாசில எடுத்த போட்டோவைச் சித்திரை வரைக்கும் பத்திரமா வச்சிருக்குது. நெனச்சாலே பயமா இருக்குதுங்க.

என்னங்க சொல்றீங்க? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டாருங்கற மாதிரி இருக்குதா? நல்லாருக்குதே! பிரின்சிபாலே ஆறு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்காரு, நான் என்னமோ வேணும்னே தடுக்கற மாதிரி பேசறீங்க. நான் கெட்டவன் இல்லீங்க. அந்தப் புள்ள மேல எனக்கு என்ன பகை?

எப்படிங்க போடறது? அன்னிக்கு நான் இல்லைன்னா போட முடியும்? ஓ. அதைச் சொல்ல வேண்டியதில்லைங்கறீங்களா? கை தவறி மாத்திப் போட்டுட்டேன், அந்தப் புள்ள பிரசென்ட், அப்படின்னு ஒரே வரி. நான் எங்க இருந்தேன்னு யாரும் கேக்கப்போறதில்ல. அது... ஆமாங்க. அது சரிதான். தங்கராசு சாரும் சுத்தி வளச்சு அதைத்தான் சொன்னாரு. நல்ல யோசனைக்காரருங்க நீங்க. என்ன தொழிலு? டிராக்டர் ஸ்பேர் கடையா? அதான்.

சரி, போடறேன். ஒரு புள்ள பொழச்சுப் போகுது. டைப் பண்றேன் பாருங்க. 'மூன்றாம் ஆண்டு ஏ பிரிவு. கோகிலவாணி. மூணாவது பீரியட். பிரசென்ட் என்று இருக்க வேண்டியது, தவறுதலாக...'

தவறுதலாக.

இந்த வார்த்தை இல்லாம எழுத வழி இருக்குதுங்களா? குரூப்புல எண்பது சாருங்க இருக்காங்க. பிரின்சிபால் இருக்காரு. போன வருசம் வந்த சின்னப் பசங்கெல்லாம் இருக்காங்க. மத்தவனெல்லாம் வாரத்துக்கு ஒரு திருத்தம் போடுவான். 'மன்னிக்கவும், தவறுதலாக', 'மன்னிக்கவும், தவறுதலாக'. பாத்தாலே எனக்கு அருவருப்பா இருக்கும். ஒரு அட்டெண்டன்ஸை ஒழுங்காப் போடத் தெரியாதவனெல்லாம் வாத்தியாருன்னு. என் பேர்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு திருத்தம் வந்ததில்லீங்க. இருபத்திரண்டு வருசம். கே.டி. சார் ரிஜிஸ்டர்னா அதை யாரும் சரிபாக்கறது கூட இல்ல.

'தவறுதலாக'ன்றதை எடுத்துட்டு, 'மறுபரிசீலனைக்குப் பின்'னு போட்டா எப்படி? அது நல்லாருக்குதா? இல்ல, என்னத்தை மறுபரிசீலனை பண்ணுனீங்கன்னு கேப்பாங்க. 'கருணை அடிப்படையில்'? கருணைன்னு போட்டா நாளைக்கு நாப்பது பேரு வந்து வாசல்ல நிப்பான். நீங்க அவசரப்படுத்தாதீங்க. இந்த மாதிரி விசயத்தையெல்லாம் யோசிச்சுத்தான் எழுதோணும். மாணவியின் வேண்டுகோளை... இல்ல. நிர்வாகக் காரணங்களால்... அதுவும் சரிவராது. ஏங்க இப்படிப் பெருமூச்சு விடறீங்க?

மணி பாத்தீங்களா? அஞ்சு அம்பத்தெட்டு. சிக்னல் வேற ஒரு கோடுதான் காட்டுது.

இருங்க... லிஸ்ட் வந்துருச்சுங்க. ஆறு கூட முழுசா ஆகல, அனுப்பிட்டாங்க. இல்ல, ஆயிருச்சு. ஆறு ஒண்ணு. என்னங்க பண்றது, நான் போடலாம்னுதான் இருந்தேன், நீங்களே பாத்தீங்க. கைல டைப் பண்ணி வச்சுட்டுத்தான இருந்தேன். ஏ செக்சன்... அம்பத்தி ரெண்டு பேரு இருக்கறானுங்க. எட்டு மார்க்குக்காரன் இருக்கறான். கண்ணைத் தொறந்துட்டுத் தூங்கறவன் இருக்கறான். அது பேரு இல்ல.

மறுபடி அடிக்குது. எடுக்கலைன்னா விடாது. கொஞ்சம் பேசாம இருங்க.

"சொல்லு அம்மிணி... ஆமா, லேப்ல இருந்தேன், போன் கைல இல்ல... பாத்தேன், போட்டோவும் பாத்தேன்... நான் என்னம்மா பண்ணட்டும், பிரின்சிபால்கிட்ட எவ்வளவோ மன்றாடிப் பாத்தேன். சண்டையே போட்டேன்னு வச்சுக்கோ. சட்டம்னுட்டாரு... என்ன?... அட அதெல்லாம் எதுக்கு அம்மிணி... சரி சரி, பாத்துப் போ. பஸ்ஸு இருக்குதா?... ம்."

அழுகலீங்க. நான் அழும்னுதான் நெனச்சேன். 'பரவால்லைங்க சார், எனக்காகப் பிரின்சிபால்கிட்டப் பேசுனீங்களே, அதுவே போதுங்க சார்'ங்குது. அதுக்கும் ஒரு மரியாதை தெரிஞ்சிருக்குது, இல்லைங்கறதுக்கில்ல.

ஏனுங்க, உங்களுக்கு இந்த வாட்ஸப் நல்லாத் தெரியுமுங்களா? அந்தப் போட்டோவை அது போன்லயும் சேத்து அழிக்கறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா? என் போன்ல அழிச்சாப் பத்தாதில்லீங்க.

ஏங்க எந்திரிச்சுட்டீங்க? சேலம் இன்னும் வரலைங்களே. உக்காருங்க, சீட்டு போயிரும்.